ஆட்டம் முடிந்த பிறகு என்ன மாறியது?



தெரு நடனப் படங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தப் படங்களைப் பார்க்காமலே ஒதுக்குகிறவர்கள் ஒரு பக்கம். பார்த்துக் கைதட்டிவிட்டு மறுநாள் மறந்துபோகிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டு பக்கத்திலும் சேராதவன். எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கும். பிடிப்பதால்தான் இவற்றின் மீது எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். 2008இல் வந்த ‘ஸ்டெப் அப் 2: தி ஸ்ட்ரீட்ஸ்’ படத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நிறையப் பேர் இருக்கிறீர்கள். கடைசி ஆட்டம் நினைவிருக்கிறதா? இருக்கும். கொட்டுகிற மழை. தெருவெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காலால் வாரி இறைத்துக்கொண்டு ஒரு குழு ஆடுகிறது. ஒவ்வொரு உதைக்கும் நீர் எழும்பி விளக்கு வெளிச்சத்தில் சிதறுகிறது. சரி, அந்தக் கதாநாயகியின் பெயர் என்ன? அவள் ஏன் அங்கே மழையில் நிற்கிறாள்? அவளுக்கு என்ன வேண்டியிருந்தது?

அவள் பெயர் ஆண்டி. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள். வளர்க்கிற பெண்மணி, உன்னை டெக்சாஸுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறாள். தாயில்லாத பெண், கையைவிட்டுப் போகப்போகிற ஊர், அவளைச் சேர்த்துக்கொண்டு பிறகு வெளியேற்றிய நடனப் பள்ளி. ஒரு நல்ல படத்துக்கு இது போதாதா? தாராளமாகப் போதும். ஆனால் நமக்கு மழைதான் நினைவிருக்கிறது, பெண் நினைவில்லை. அது உங்கள் மறதி என்று நான் சொல்லமாட்டேன். படம்தான் அவளை முதலில் மறந்தது.

அந்த ஆட்டம் முடிந்ததும், அதுவரை அவளை வெளியே தள்ளிய பள்ளி இயக்குநர் மனம் மாறிவிடுகிறார். ஒரே ஆட்டம், ஒரே நிமிடம், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது? ஏன் தீர்ந்தது? படம் சொல்லவில்லை. ஆகவே இன்று மாலை முழுவதும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களின் நடுவே நடக்கப்போகிறோம். ஆட்டம் முடிந்த பிறகு என்ன மாறியது?

நண்பர்களே, இந்த ஆட்டம் எங்கே பிறந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். அதில்தான் என் வழக்கின் மூல ஆவணம் இருக்கிறது.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதி. செட்ஜ்விக் அவென்யூ, கதவு எண் 1520. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற இளம்பெண் ஒரு விருந்து நடத்துகிறாள். எதற்கு? பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போடுகிறவன் அவளுடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்த பெயர் அவனுடையதுதான்.

அவன் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தான். பாட்டு ஓடும்போது சிலர் ஓரமாகக் காத்திருப்பார்கள். பாடகர் நிறுத்தி, மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து, தாளம் மட்டும் தனியாகக் கேட்கிற அந்தச் சில நொடிகள் வந்ததும் பாய்ந்து உள்ளே வருவார்கள். அந்த இடத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். ஹெர்க் என்ன செய்தான்? ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் தொடங்கி, அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினான். அந்த நீண்ட தாளத்தில் ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள்.

அந்த நாளைய பிராங்ஸை நினைத்துப் பாருங்கள். நடுவே விரைவுச்சாலை போட்டு ஊரைக் கிழித்திருந்தார்கள். வேலை போய்விட்டது. எழுபதுகளில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன. கையில் காசில்லாத பிள்ளைகளிடம் இருந்தது என்ன? ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்த தரையும், சொந்த உடம்பும்தான். மேடை இல்லாதவர்கள் வட்டமாக நின்றார்கள், அதற்கு சைஃபர் என்று பெயர். ஒருவன் உள்ளே போவான், ஆடுவான், வெளியே வருவான். எதிராளி உள்ளே போய்ப் பதில் சொல்வான். அதற்கு பேட்டில் என்று பெயர்.

அந்தப் பதிலை உற்றுக் கவனியுங்கள். நின்றபடி காலை மாற்றி மாற்றி வைத்து நுழைவது டாப்ராக். நான் வந்துவிட்டேன், யார் என்று பார்த்துக்கொள் என்று அது சொல்கிறது. பிறகு கையைத் தரையில் ஊன்றிக் கால்களைச் சுழற்றுகிற ஃபுட்வொர்க். பிறகு தலையிலும் தோளிலும் முதுகிலும் சுழலும் பவர் மூவ். கடைசியில் தாளத்தின் மேல் அப்படியே உறைந்து நிற்கும் ஃப்ரீஸ். எதிராளியின் அசைவைத் திருடி ஆடினால் அவமானம், கூட்டமே காட்டிக்கொடுத்துவிடும். வருகை, மோதல், உச்சம், முடிவு, கூடவே அறம். ஒரு நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் முப்பது நொடியில் அங்கே நடந்துவிடுகிறது. ஆக, தெரு நடனத்துக்குக் கதை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. கதை அதற்குள்ளேயே இருந்தது. சினிமாதான் அதைக் கழற்றிவிட்டது.

எப்போது கழற்றியது? 1983இலேயே அடையாளம் தெரிகிறது. ‘ஃபிளாஷ்டான்ஸ்’ வந்த ஆண்டு அது. பிட்ஸ்பர்க்கில் பகலில் வெல்டிங் வேலை பார்க்கிற பெண், நடனப் பள்ளியில் இடம் கேட்டு நடுவர்கள் முன்னால் ஆடுகிறாள். அந்தக் கடைசி ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முகம் ஜெனிஃபர் பீல்ஸ் உடையது. ஆடுகிற உடம்பு பெரும்பாலும் மரீன் ஜஹான் என்ற நடனக்காரி உடையது. காற்றில் பாய்ந்து கடக்கிற தாவல் ஒரு ஜிம்னாஸ்டிக் வீராங்கனையுடையது. தரையில் முதுகின் மேல் சுழல்கிறதே ஒரு உருவம், அது பெண்ணே இல்லை. பிராங்ஸிலிருந்து வந்த ராக் ஸ்டெடி குழுவின் கிரேஸி லெக்ஸ், தலையில் டோப்பா வைத்துக்கொண்டு சுழன்றார். நடுவர்கள் எழுந்து கைதட்டுகிறார்கள். நாலு பேர் ஆடிய ஆட்டத்துக்கு ஒருத்திக்கு இடம் கிடைக்கிறது. மரீன் ஜஹானின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில்கூட வரவில்லை.

நான் இதை ஏதோ திரைக்குப் பின்னால் நடந்த சுவையான செய்தி என்று சொல்லவில்லை. எனக்கு இது உறுத்துகிறது. ஆடுகிறவனின் உடம்பு வேண்டும், ஆடுகிறவன் வேண்டாம் என்று சினிமா அன்றைக்கு முடிவெடுத்தது. ஆடுகிறவனே வேண்டாம் என்றான பிறகு அவன் கதை எப்படி வரும்?

ஆனால் மறுபக்கமும் இருந்தது. அதே 1983இல் சார்லி அஹெர்ன் எடுத்த ‘வைல்ட் ஸ்டைல்’ வந்தது. நடிக்கத் தெரியாத, ஆனால் ஆடவும் வரையவும் பாடவும் தெரிந்த அசல் ஆட்கள் தங்களையே ஆடிக்காட்டிய படம். 1984 ஜூனில் ‘பீட் ஸ்ட்ரீட்’ வந்தது. அதில் ராக்ஸி என்ற கூடத்தில் ராக் ஸ்டெடி குழுவும் நியூயார்க் சிட்டி பிரேக்கர்ஸ் குழுவும் மோதுகிற காட்சியைப் பாருங்கள். நிஜ வாழ்க்கையிலும் போட்டி போட்ட குழுக்கள் அவை. முறைப்பதும் சீண்டுவதும் நடிப்பு மாதிரியே தெரியாது.

அதற்கு ஒரு மாதம் முன்பே, மே மாதத்தில், ‘பிரேக்கின்’ வந்துவிட்டது. கேனன் நிறுவனம் அவசர அவசரமாக எடுத்த படம். கதை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதில் ஒரு காட்சிக்காக நான் அந்தப் படத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன். டர்போ என்ற பையன், கடை வாசலைப் பெருக்கவேண்டியவன். மைக்கேல் சேம்பர்ஸ் நடித்தார். கையில் துடைப்பம். பின்னணியில் கிராஃப்ட்வெர்க் குழுவின் மின்னிசை. பெருக்கத் தொடங்கியவன் மெல்ல மெல்லத் துடைப்பத்தோடு ஆடத் தொடங்குகிறான். எலும்பே இல்லாதவன் மாதிரி கை அலையாக ஓடுகிறது. கால் நடக்கிறது, உடம்பு பின்னால் போகிறது. துடைப்பம் தானாக நிற்கிறது, அவன் சொன்னபடி கேட்கிறது. சுற்றிலும் யாரும் இல்லை. நடுவர் இல்லை, பரிசு இல்லை, கைதட்ட ஆளில்லை. அந்தக் காட்சி முடியும்போது அந்தப் பையன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கூலிக்கு வாசல் பெருக்குகிற நேரத்தையும் தன்னுடையதாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவன். ஒரு வார்த்தை வசனம் வேண்டியிருந்ததா? இல்லையே! அந்த ஆட்டமே கதை.

படம் நன்றாக ஓடியது. ஓடியதும் என்ன செய்தார்கள்? அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகத்தை இறக்கிவிட்டார்கள். ஏழெட்டு மாத இடைவெளி. இந்த முறை கதை என்ன? பிள்ளைகள் ஆடுகிற சமூகக் கூடத்தை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்ட ஒரு முதலாளி வருகிறார். பிள்ளைகள் ஆடிப் பணம் திரட்டிக் கூடத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்தக் கதையை வேறு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 28 ஆண்டுகள் தாண்டி வாருங்கள். 2012. ‘ஸ்டெப் அப் ரெவல்யூஷன்’. மயாமி நகரத்தில் ஏழைகள் வாழும் பகுதியை இடித்து விடுதி கட்ட ஒரு முதலாளி வருகிறார். பிள்ளைகள் ஆடித் தடுக்கிறார்கள். முதலாளியின் மகளே கதாநாயகி. 28 ஆண்டுகளில் நடனம் எத்தனை தூரம் போய்விட்டது! கதை அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தொடக்கக் காட்சி அற்புதமானது. மயாமியின் ஓஷன் டிரைவ் சாலை. போக்குவரத்து நிற்கிறது. நின்ற கார்கள் தாளத்துக்குக் குதிக்கின்றன. கார்களின் மேலே ஏறி ஆடுகிறார்கள். பிறகு ஓர் அருங்காட்சியகத்தில், சிலையாகவும் ஓவியமாகவும் தோன்றியவர்கள் உயிர்பெற்று ஆடுகிறார்கள். கண் இமைக்க முடியாது. அப்புறம் அந்த விடுதித் திட்டம் வருகிறது. வேடிக்கைக்கு ஆடியது போதும், இனி எதிர்ப்புக்கு ஆடுவோம் என்று குழு முடிவெடுக்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆடுகிறவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! வீடு போகப்போகிறவன் ஆடுகிற ஆட்டம் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் பார்க்கக் காத்திருந்தேன்.

என்ன நடந்தது? ஆட்டம் முடிந்ததும் முதலாளி மனம் இளகிவிடுகிறார். உடனே ஒருவர் வந்து, புகழ்பெற்ற காலணி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஆட வாருங்கள் என்று ஒப்பந்தத்தை நீட்டுகிறார். குழு துள்ளிக் குதிக்கிறது. படம் முடிகிறது. அந்தப் பகுதியில் வாழ்கிற பாட்டி என்ன ஆனாள், கடைக்காரர் என்ன ஆனார், யாருக்கும் கவலையில்லை. எதிர்ப்பு என்று தொடங்கியது விளம்பரத்தில் போய் முடிந்ததில் அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்காவது ஒரு நொடி உறுத்தல் வந்திருக்கக் கூடாதா? வந்திருந்தால் அதுதான் கதை. எழுதியவர்கள் கதையின் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

இந்தப் படங்களில் கதையே இல்லை என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சம்பவங்கள் ஏராளமாக இருக்கின்றன. 2004இல் வந்த ‘யூ காட் சர்வ்டு’ படத்தில் நண்பர்கள் பிரிகிறார்கள், போதைப்பொருள் கைமாறுகிறது, பணம் பறிபோகிறது, காதல் வருகிறது. 2010இல் வந்த ‘ஸ்டெப் அப் 3’இல் ஆட்டக்காரர்கள் வாழும் கிடங்கின் மீது கடன், தவணை தவறியது, ஏலம் வரப்போகிறது. சம்பவத்துக்கா பஞ்சம்? பஞ்சம் வேறு இடத்தில். சம்பவம் ஒரு பக்கம் ஓடுகிறது, ஆட்டம் ஒரு பக்கம் ஓடுகிறது. ஒன்று நடக்கும்போது மற்றது கைகட்டி நிற்கிறது. கிடங்கின் கடனை அடைக்கப் போட்டியில் வெல்ல வேண்டும் என்றால், அங்கே ஆட்டத்தின் வேலை என்ன? பரிசுச்சீட்டு செய்கிற வேலைதான். பரிசு விழுந்தால் கடன் தீரும். ஆடியவன் மனத்தில் ஒன்றும் தீராது.

இதைவிட வருத்தமான ஒன்று இருக்கிறது. சாவு. 2006இல் வந்த முதல் ‘ஸ்டெப் அப்’. பால்டிமோர் நகரம். பள்ளி அரங்கை அடித்து நொறுக்கியதற்குத் தண்டனையாக அதே பள்ளியில் தரை துடைக்க வருகிறான் டைலர். சானிங் டேட்டம் நடித்தார். அவனுடைய நண்பனுக்கு ஸ்கின்னி என்று ஒரு தம்பி. பெரியவர்கள் பின்னாலேயே சுற்றுகிற சின்னப் பையன். என்னையும் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சுகிற பையன். ஒரு காரைத் திருடி, அதற்காகவே சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்த இடத்தில் தியேட்டரே அமைதியாகிவிடும். ஆனால் அந்தச் சாவு படத்தில் என்ன செய்கிறது? கதாநாயகனுக்குப் புத்தி வருகிறது, நடன நிகழ்ச்சிக்குத் திரும்புகிறான். அவ்வளவுதான். ஒரு பிள்ளையைக் கொன்று ஒரு ஒத்திகைக்கு ஆள் பிடித்தார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தில் ஸ்கின்னியின் நிழல் ஒரே ஒரு அசைவிலாவது விழுந்திருந்தால் நான் இந்தப் படத்தை வேறு வரிசையில் வைத்திருப்பேன்.

நம் நாட்டுக்கும் வருவோம். 2013இல் ரெமோ டிசோசா ‘ஏபிசிடி’ எடுத்தார். தமிழில் ‘ஆடலாம் பாய்ஸ் சின்னதா டான்ஸ்’ என்று வந்தது. நம் பிரபுதேவா ஆசிரியராக நின்றார். உடன் ஆடியவர்கள் பெரும்பாலும் தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் பெயர் வாங்கிய அசல் ஆட்டக்காரர்கள். தர்மேஷும் புனித்தும் சல்மானும் ஆடுகிறபோது குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் அதிலும் ஒருவன் விபத்தில் சாகிறான், மற்றவர்கள் வீறுகொண்டு ஆடுகிறார்கள். அதே மருந்து, அதே அளவு.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் முடிவில் ஓர் உண்மை இருக்கிறது. தங்கள் ஆட்டத்தை எதிரணி திருடிவிட்டது என்று தெரிந்ததும், மும்பைத் தெருவில் பிள்ளையார் ஊர்வலத்தில் தாங்கள் எப்போதும் ஆடுகிற ஆட்டத்தையே மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். யாரும் திருட முடியாதது அவர்களிடம் அதுதான். அங்கே ஆட்டமும் கதையும் கைகோத்துக்கொண்டன. அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்தப் படத்தை மன்னித்துவிடலாம். ஐந்து நிமிடம் முடிந்தது, முழுப்படத்துக்கும் ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறேன்.

முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா? இருக்கிறது, நண்பர்களே. அவையில் சாட்சியை நிறுத்துகிறேன்.

முதல் சாட்சி, 1961. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’. ஜெரோம் ராபின்ஸ் நடனம் அமைத்து, ராபர்ட் வைஸோடு சேர்ந்து இயக்கியது. தொடக்கத்தில் சில இளைஞர்கள் விரலைச் சொடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடக்கிறார்கள். நடை கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டமாகிறது. எதிரே இன்னொரு கூட்டம் வருகிறது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். உரசல், துரத்தல், கல்வீச்சு, அடிதடி. பல நிமிடங்களுக்குப் பேச்சே கிடையாது. பேச்சு தொடங்கும்போது நமக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்தத் தெரு யாருடையது, யார் யாரை வெறுக்கிறார்கள், யாருக்குப் பயம் அதிகம். அந்தக் காட்சிகள் படமான தெருக்கள் அப்போதே இடிப்பதற்குக் குறித்துவைக்கப்பட்டவை. பிறகு அந்தப் பகுதியில் லிங்கன் சென்டர் என்ற பெரிய கலைவளாகம் எழுந்தது.

இரண்டாம் சாட்சி, 1977. ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’. தெருவில் ஆடுவதில்லை, டிஸ்கோ கூடத்தில் ஆடுவதுதான். ஆனாலும் புரூக்ளின் பெயிண்ட் கடைப் பையனின் கதை. அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில் மரியாதை இல்லை, சனிக்கிழமை இரவு மட்டும் அவன் அரசன். கடைசியில் போட்டி. அவனும் அவன் துணையும் முதல் பரிசு வாங்குகிறார்கள். ஆனால் அவனுக்குத் தெரியும், தங்களுக்குப் பின் ஆடிய போர்ட்டோ ரிக்கோ ஜோடி தங்களைவிட நன்றாக ஆடியது. உள்ளூர் வெள்ளைக்காரப் பையன் என்பதற்காகத்தான் தனக்குப் பரிசு. கோப்பையையும் பணத்தையும் கொண்டுபோய் அந்த ஜோடியின் கையில் கொடுத்துவிடுகிறான். ஆட்டம் முடிந்த பிறகு என்ன மாறியது? அவனுடைய கண் திறந்தது. தன் ஊர், தன் நண்பர்கள், தன் புகழ் எல்லாமே வேறாகத் தெரிகின்றன. வெற்றிக்குப் பிறகுதான் அந்தப் படத்தின் துன்பமே தொடங்குகிறது. தெரு நடனப் படங்களில் வெற்றி வந்ததும் திரை விழுந்துவிடும். வித்தியாசத்தைப் பாருங்கள்!

மூன்றாம் சாட்சிதான் எனக்கு மிக முக்கியம், ஏனென்றால் அதில் குற்றவாளியும் சாட்சியும் ஒரே ஆள். பென்சன் லீ என்ற இயக்குநர். 2007இல் ‘பிளானெட் பி-பாய்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஜெர்மனியில் நடந்த ‘பேட்டில் ஆஃப் தி இயர்’ போட்டிக்குப் பல நாட்டுக் குழுக்கள் தயாராவதைப் பின்தொடர்ந்து போகிறது. கொரிய இளைஞர்கள் ஆடுகிறார்கள், ஆனால் கட்டாய ராணுவச் சேவை தலைக்கு மேலே நிற்கிறது. இந்த உடம்பும் இந்த வயதும் இன்னும் எத்தனை நாளைக்கு? ஒரு மகனுக்கும் தகப்பனுக்கும் இடையே இறுகிப்போன மௌனம். பிரெஞ்சுக் குழுவில், கறுப்பின இளைஞர்களோடு ஆடுகிற ஒரு வெள்ளைக்காரச் சிறுவன், தன் மனத்தில் முதலில் இருந்த நிறவேற்றுமையைக் கேமரா முன்னால் சொல்லிவிடுகிற அவன் தாய். அத்தனையும் தெரிந்த பிறகு அந்தப் போட்டியைப் பார்க்கும்போது, தலைகீழாகச் சுழல்கிறவனின் ஒவ்வொரு சுற்றுக்கும் நமக்கு அர்த்தம் புரிகிறது.

அதே இயக்குநர், அதே போட்டி, 2013. இப்போது கதைப்படம், முப்பரிமாணம், பெரிய நிறுவனம். ‘பேட்டில் ஆஃப் தி இயர்’. மனைவியையும் மகனையும் பறிகொடுத்துக் குடியில் விழுந்த ஒரு பயிற்சியாளர், அடங்காத பையன்கள், கடுமையான பயிற்சி, கடைசிப் போட்டி. ஆடியவர்கள் இப்போதும் அசல் பி-பாய்கள்தான். ஆனால் அந்தத் தகப்பன் எங்கே? அந்தத் தாய் எங்கே? ராணுவ அழைப்பு எங்கே? நிஜத்தைக் கண்ணால் பார்த்த மனிதரே, கதைப்படம் என்றதும் நிஜத்தை வெளியே விட்டுவிட்டு வார்ப்பை எடுத்துக்கொண்டார். அவருக்குக் கதை தெரியாதா? தெரியும். தெரிந்தவரையும் இந்த வார்ப்பு விழுங்குகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இன்னொரு ஆவணப்படத்தையும் சொல்லாமல் நகரமுடியாது. டேவிட் லாஷபெல் எடுத்த ‘ரைஸ்’, 2005. லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் பகுதி. டாமி என்ற மனிதர் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு குழந்தைகளின் பிறந்தநாள் விழாவில் ஆடத் தொடங்குகிறார். 1992 கலவரத்தைப் பார்த்த ஊர் அது. பிள்ளைகள் கும்பல்களில் சேராமல் அவரிடம் சேர்கிறார்கள். அங்கிருந்து கிரம்ப் பிறக்கிறது. மார்பைத் தள்ளி, கையை வீசி, தரையை மிதித்து ஆடுகிற ஆட்டம். அந்த வேகத்தை நம்பமாட்டார்கள் என்று, எந்தக் காட்சியும் வேகப்படுத்தப்படவில்லை என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறார்கள். பெரிய அரங்கில் பெரிய போட்டி நடக்கிறது. கூட்டம் கொண்டாடுகிறது. அதே இரவில் டாமியின் வீட்டில் கொள்ளையடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் செய்தி அவருக்கு வருகிறது. ஆடி வென்ற இரவும் வீடு கொள்ளைபோன இரவும் ஒன்றே. எந்தத் திரைக்கதை ஆசிரியர் இதை எழுதத் துணிந்தார்?

சரி, ஏன் இப்படி ஆகிறது? காரணம் ரகசியமில்லை. முதல் ‘ஸ்டெப் அப்’ சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. உலகம் முழுவதும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெரிய நட்சத்திரம் வேண்டாம், இளம் ஆட்டக்காரர்கள் போதும், பாட்டு தனியாக விற்கும். இந்தக் கணக்கில் திரைக்கதைக்கு யார் பணமும் நேரமும் ஒதுக்குவார்கள்? பிறகு தொலைக்காட்சிப் போட்டிகள் வந்தன. குழு, சுற்று, நடுவர், வெளியேற்றம், இறுதிப்போட்டி. சினிமா அந்த அட்டவணையை அப்படியே கதை என்று எடுத்துக்கொண்டது.

படத்தொகுப்பும் ஒரு காரணம். பல படங்களில் ஒரு அசைவு தொடங்கி முடிவதற்குள் நாலு வெட்டு. கால் ஒரு துண்டு, முகம் ஒரு துண்டு, கைதட்டுகிற கூட்டம் ஒரு துண்டு. உடம்பு முழுதாகத் தெரியாவிட்டால் உடம்பு சொல்வது எப்படிக் கேட்கும்? ஃபிரெட் அஸ்டேர் அந்தக் காலத்திலேயே தலை முதல் கால் வரை முழு உருவமும் தெரியும்படி, வெட்டு குறைவாக எடுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். அதை ‘ஸ்டெப் அப் 3’ ஒரே ஒரு இடத்தில் நினைவில் வைத்திருந்தது. சண்டைபோட்டுப் பேசாமலிருந்த மூஸ், கமீல் என்ற இருவரும் நியூயார்க் தெருவில் ஆடிக்கொண்டே சமாதானமாகிற காட்சி. அஸ்டேர் பாடிய பழைய பாட்டைப் புதுத் தாளத்தில் போட்டு, ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல் எடுத்தார் ஜான் எம். சூ. முப்பரிமாணத்தில் தண்ணீர் தெறித்ததையும் உடையில் விளக்கு எரிந்ததையும் மறந்தவர்கள்கூட அந்த நடையை மறக்கவில்லை. ஏன்? தொடக்கத்தில் மனத்தாங்கலோடு நின்ற இரண்டு பேர் முடிவில் நண்பர்களாக நிற்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஒன்று மாறியிருக்கிறது!

நம் தமிழிலேயே ஒரு சான்று இருக்கிறது, நடனப் படத்தில் இல்லை, குத்துச்சண்டைப் படத்தில். 2021, பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’. டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் மேடையேறியதும் என்ன நடக்கிறது? கால் தரையில் நிற்பதே இல்லை. உடம்பு வளைகிறது, வழுக்குகிறது, எதிராளியின் குத்து காற்றில் போகிறது. அவன் எப்படிப்பட்டவன் என்று யாரும் விளக்கவில்லை, கால்கள் சொல்லிவிட்டன. அவனோடு மோதும் கதாநாயகன் கபிலன் முதலில் திணறுகிறான், பிறகு அந்தத் தாளத்தைப் படிக்கிறான், பிறகு வெல்கிறான். சண்டை முடியும்போது கபிலனை ஊரே வேறு கண்ணால் பார்க்கிறது. தெரு நடனப் படம் எடுக்க ஆசைப்படும் தம்பிகளும் தங்கைகளும் அந்தக் காட்சியை நாலு முறை பாருங்கள். ரோஸாக நடித்த ஷபீரின் காலை மட்டும் ஒரு முறை பாருங்கள்.

அவையோரே, இன்னும் ஒன்றே ஒன்று. ஆஸ்கர் விருதில் நடன அமைப்புக்கு என்று ஒரு பிரிவு இருந்தது தெரியுமா? 1935, 1936, 1937 ஆகிய மூன்று ஆண்டுப் படங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆட்டம் அமைப்பவர் கதை பேசும் மேசைக்கு வெளியேதான் நிற்கிறார். எழுத்தாளர், இங்கே ஒரு பாட்டு, இங்கே ஒரு போட்டி என்று எழுதி வைத்துவிடுகிறார். அந்த வெற்றிடத்தை நிரப்ப நடன இயக்குநரைக் கூப்பிடுகிறார்கள். அவரும் தன்னால் முடிந்த வாணவேடிக்கையைக் கொளுத்திவிட்டுப் போகிறார். குறை அவருடையது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இந்த அவையில் இருக்கும் எழுதுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். திரைக்கதையின் முதல் வரியை எழுதுவதற்கு முன் நடன இயக்குநரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆட்டக்காரர்களின் வீட்டுக்குப் போங்கள். அவர்கள் அம்மா என்ன வேலைக்குப் போகிறாள், முழங்கால் வலிக்கு என்ன செய்கிறார்கள், கல்யாணப் பேச்சு வந்தால் ஆட்டம் என்னவாகும் என்று கேளுங்கள்.

சுவரோரம் நிற்கும் நடனப் பள்ளிப் பிள்ளைகளே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்களைப் படத்தில் ஆடக் கூப்பிடுவார்கள். சந்தோஷமாகப் போங்கள். போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஆட்டத்தில் நான் யார்? ஆடி முடித்த பிறகு எனக்கு என்ன ஆகிறது? பதில் சொல்லத் தெரியாவிட்டால், பதிலை நீங்களே எழுதிக் கொடுங்கள். பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் வருகிறதா என்பதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.